மதகும் வடிகாலும்: ஒரு குட்டி ஈயின் உடம்பு உருவாகும் விதம்

கூடலூரில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் பன்னீர் திராட்சைக் கூடையை இறக்கி வைத்த அரை மணி நேரத்துக்குள் அந்த ஈக்கள் வந்துவிடும். குமுளி வழியாகக் கேரளாவுக்கு ஏற்ற வேண்டிய பெட்டிகளில் நல்ல கொத்துகள் போய்விடும். வெடித்த பழமும் உதிர்ந்த பழமும் வீட்டில் தங்கும். அவற்றின் மேல்தான் இந்தக் கூட்டம். போன விடுமுறையில் அண்ணன் மகள் ஒரு ஈயை விரலால் விரட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அத்தை, பெங்களூருல ஆறு வருஷம் இதையா பார்த்துக்கிட்டு இருந்தீங்க?”

இதைத்தான். மூன்று மில்லிமீட்டர் நீளம், செங்கல் நிறக் கண், பழுப்பு உடம்பு. அவள் பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாள். ஒரு முட்டையிலிருந்து ஒரு உடம்பு எப்படி வருகிறது என்ற கேள்வி அவளுக்கு உண்மையாகவே இருந்தது. அன்று மாலை திண்ணையில் சொல்ல ஆரம்பித்து, மறுநாள் வாய்க்கால் வரப்பில் நடந்துகொண்டே சொல்லி முடித்ததை இங்கே எழுதுகிறேன். முன்பின் உயிரியல் படிக்காதவர்களும் தொடரலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மா, கொய்யா போட்டிருப்பவர்கள் ‘பழ ஈ’ என்று சொல்வது வேறு ஈ. அது பெரியது. நல்ல காயைக் குத்தி முட்டை வைத்து, உள்ளே புழுவாகிப் பயிரைக் கெடுப்பது. நான் சொல்லும் ஈ அழுகத் தொடங்கிய பழத்தைத்தான் தேடி வரும், அதிலும் பழத்தைவிட அதன் மேல் வளரும் ஈஸ்ட்தான் அதற்குச் சாப்பாடு. அறிவியல் பெயர் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். அமெரிக்காவில் தாமஸ் ஹண்ட் மார்கன் 1910இல் இந்தச் சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கண் ஈயைக் கண்டார். மரபணுக்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன என்று உறுதிப்பட அந்த ஈ வழிகாட்டியது. மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று முதல் இந்த ஈ ஆய்வுக்கூடங்களை விட்டு வெளியே போகவே இல்லை.

காரணம் எளிது. 25 டிகிரி வெப்பத்தில் பத்தே நாளில் முட்டை ஈயாகிவிடும். ஒரு நாளில் முட்டை பொரிந்து புழு வரும். நான்கு நாள் புழு தின்று கொழுக்கும். பிறகு கூட்டுப்புழு. அப்புறம் கூட்டை உடைத்துக்கொண்டு சிறகுள்ள ஈ. ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் வேகவைத்த மாவும் ஈஸ்ட்டும் போட்டால் நூறு ஈக்கள் வளரும். ஒரு மாதத்தில் மூன்று தலைமுறை பார்த்துவிடலாம்.

சரி, கேள்விக்கு வருவோம்.

ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். அதற்குள் முதலில் இருப்பது ஒரே ஒரு கரு, அதாவது டிஎன்ஏவைப் பொதிந்து வைத்திருக்கும் உட்கரு. அது இரண்டாகி, நான்காகி, எட்டாகி, மூன்று மணி நேரத்துக்குள் ஏறக்குறைய ஆறாயிரம் ஆகிறது. இந்த ஆறாயிரத்துக்கும் உள்ளே இருக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். இருக்கும் மரபணுக்களும் அவையேதான், சுமார் பதினான்காயிரம். அப்படியென்றால் முன்னால் இருப்பது தலையாகவும் பின்னால் இருப்பது வயிறாகவும் மாறுவது எப்படி? முதுகில் இருக்கும் ஒரு செல் மயிராகவும் அதன் பக்கத்துச் செல் வெறும் தோலாகவும் ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

யாரும் மேலே உட்கார்ந்து சொல்வதில்லை. செல்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. இதைத்தான் செல் சமிக்ஞை என்கிறோம். நான் வீட்டில் சொல்லும்போது ‘சேதி’ என்றே சொன்னேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ஒரு செல் ஒரு புரதத்தைச் செய்து வெளியே விடும். அது சேதி. இன்னொரு செல்லின் மேற்பரப்பில் அதைப் பிடிக்கத்தக்க வடிவத்தில் வேறொரு புரதம் நிற்கும். அது ஏற்பி. சேதி ஏற்பியில் உட்கார்ந்ததும் ஏற்பியின் உள்பக்கம் மாறும். அந்த மாற்றம் செல்லுக்குள் சில புரதங்கள் வழியாகக் கைமாறிக் கைமாறிக் கருவுக்குப் போகும். அங்கே சில மரபணுக்கள் விழிக்கும், சில உறங்கும். செல்லின் தலைவிதி அதில் முடிவாகும்.

எனக்கு இதில் முதலில் வியப்பாக இருந்தது, சேதிகளின் எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்பதுதான். கண், சிறகு, கால், குடல், மூளை என்று எத்தனை விதமான உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சேதி இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பெரும்பாலான வேலையைச் செய்வது விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சில குடும்பங்களே. நாட்ச், விங்லெஸ், ஹெட்ஜ்ஹாக், டிபிபி, இஜிஎஃப் ஏற்பி, இன்னும் ஒன்றிரண்டு. ஈயில் இருக்கும் இவையே மீனிலும் கோழியிலும் நம்மிடமும் இருக்கின்றன.

“ஒரே சேதி எப்படி அத்தை ஒரு இடத்துல கண்ணையும் இன்னொரு இடத்துல காலையும் உண்டாக்கும்?” என்று கேட்டாள். மலையைக் காட்டினேன். மேலே குமுளிப் பக்கம் ஏலத்தோட்டக்காரர் மழைக்கு ஏங்குவார். கீழே பந்தலில் பழம் கனிந்து நிற்கும் நேரத்தில் அதே மழை வந்தால் திராட்சை வெடித்துப் போகும், அண்ணனுக்கு வயிற்றைக் கலக்கும். மழை ஒன்றுதான். எந்த மண்ணில், எந்தப் பயிரின் எந்தப் பருவத்தில் விழுகிறது என்பதுதான் வேறு. செல்லும் அப்படித்தான். சேதி வருவதற்கு முன்பே அது கடந்து வந்த பாதை அதற்குள் எழுதப்பட்டிருக்கும். எந்த மரபணுக்கள் திறந்து நிற்கின்றன, எவை பூட்டிக் கிடக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் சேதியின் பொருள்.

அடுத்து, அளவு.

மறுநாள் காலையில் இருவரும் வாய்க்கால் கரையில் நடந்தோம். எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேரள எல்லைக்குள் இருக்கும் முல்லைப் பெரியாறு அணையில் தேங்கும் நீர், 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்குகிறது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு எங்கள் வயலுக்கு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல் அதை நம்பி நிற்கிறது. தலைமடையில் தண்ணீர் ததும்பும். கடைமடைக்குப் போகப் போக மெலியும். எவ்வளவு வரும் என்று பார்த்துத்தான் ஒருவர் என்ன விதைப்பது என்று முடிவு செய்வார். நிறைய வந்தால் நெல். குறைந்தால் வேறு ஏதாவது.

உடம்பில் சில சேதிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஓரிடத்தில் சுரந்து, பரவி, தூரம் போகப் போகக் குறையும். அருகில் இருக்கும் செல்லுக்கு நிறையக் கிடைக்கும், அது ஒரு விதமாக மாறும். நடுவில் இருப்பதற்கு நடுத்தரமாகக் கிடைக்கும், அது இன்னொரு விதமாக மாறும். கடைமடைச் செல்லுக்குக் கிடைக்கவே கிடைக்காது, அது மூன்றாவது விதமாக மாறும். ஒரே பொருள், அதன் அளவே முகவரி. ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்பதைச் செல் இப்படித்தான் தெரிந்துகொள்கிறது.

இதற்கு முதல் தெளிவான சான்று 1988இல் வந்தது. பைகாய்ட் என்ற புரதம் ஈ முட்டையின் முன்முனையில் செறிந்தும் பின்னால் போகப் போகக் குறைந்தும் இருப்பதை வோல்ஃப்காங் டிரீவரும் கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்டும் காட்டினார்கள். தாய் ஈயிடம் பைகாய்ட் மரபணுவே செயல்படாவிட்டால் அதன் முட்டையில் தலையும் மார்பும் உருவாவதில்லை. தாய்க்கு அந்த மரபணுவின் கூடுதல் நகல்களைக் கொடுத்தால் தலைக்கான பகுதி பின்னோக்கி நகர்ந்து பெரிதாகிறது. தலைமடையில் கூடுதலாகத் திறந்துவிட்டால் நெல் விளையும் எல்லை தள்ளிப் போவது மாதிரி. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்த நேரத்தில் முட்டைக்குள் செல்களைப் பிரிக்கும் சவ்வுகளே எழும்பியிருக்காது, ஆயிரக்கணக்கான கருக்கள் ஒரே குளத்தில் கிடக்கும். அதனால் பைகாய்ட் செல்லுக்குச் செல் போகும் சேதி இல்லை. ஆனால் அளவைப் பார்த்து இடம் அறியும் கணக்கு இங்கேதான் முதலில் பிடிபட்டது. செல்கள் வந்த பிறகு சிறகு உருவாகும்போது டிபிபி என்ற புரதம் இதே கணக்கைச் செல்களுக்கு நடுவே செய்கிறது.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்தில் கிடைக்கும். எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது அடுத்த பகுதி. சேதியை அனுப்புவதைவிட அதை அடக்குவதில்தான் உடம்பு அதிகம் மெனக்கெடுகிறது. மதகைத் திறப்பது எளிது. எப்போது, எவ்வளவு இறக்குவது என்பதில்தான் வயல் பிழைப்பதும் அழுகுவதும் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்த கோணல் கண்கள், இரட்டைச் சிறகுகள், முறுக்கிய கால்கள் எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் சேதி வராததால் வந்தவை இல்லை. நிற்காததால் வந்தவை.

ஹெட்ஜ்ஹாக்கை எடுத்துக்கொள்வோம். பெயர்க் காரணம் அழகானது. ஈயின் புழுவுக்கு வயிற்றுப் பக்கம் பட்டை பட்டையாகச் சின்ன முட்கள் இருக்கும். ஒரு பட்டை முள், ஒரு பட்டை வழவழப்பு, மறுபடி முள். இந்த மரபணு கெட்டால் வழவழப்புப் பட்டைகள் மறைந்து முழுக்க முள்ளாகிவிடும். நம் தென் மாவட்டத் தேரிக்காடுகளில் சுருண்டு கிடக்குமே முள்ளெலி, அதைப் போல. அதனால்தான் அந்தப் பெயர். ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் நுஸ்லைன்-வோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஆயிரக்கணக்கான ஈ வம்சங்களை வளர்த்து, புழுவின் தோலை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்து, 1980இல் இப்படிப்பட்ட 15 மரபணுக்களை வெளியிட்டார்கள். எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து அவர்களுக்கு 1995இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்ப்பதற்காக இரட்டை நுண்ணோக்கி வைத்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நெகிழும்.

ஹெட்ஜ்ஹாக்கின் ஏற்பி பேட்ச்டு. அது வேலை செய்யும் முறை கொஞ்சம் தலைகீழானது. சேதி வராதபோது பேட்ச்டு சும்மா நிற்பதில்லை. அடுத்த கட்டத்தில் இருக்கும் ஸ்மூதண்டு என்ற புரதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டைப் பிடித்ததும் அந்தப் பிடி விடும், ஸ்மூதண்டு வேலையைத் தொடங்கும், மரபணுக்கள் விழிக்கும். அப்படி விழிக்கும் மரபணுக்களில் ஒன்று எது தெரியுமா? பேட்ச்டுதான். சேதியைக் கேட்ட செல், அந்தச் சேதியைப் பிடித்து விழுங்கும் ஏற்பியை இன்னும் நிறையச் செய்கிறது. அதனால் முதல் சில வரிசைச் செல்களிலேயே ஹெட்ஜ்ஹாக் உறிஞ்சப்பட்டுவிடும், தூரத்துக்குப் போகாது. தலைமடை வயல்காரர் தண்ணீர் வர வர வாய்க்காலை அகலமாக வெட்டிக்கொண்டால் கீழே எவ்வளவு வரும்? வயலில் அது சண்டை. உடம்பில் அதுதான் ஒழுங்கு. சேதியே தன் எல்லையைப் போட்டுக்கொள்கிறது.

இப்படி ஒன்று மட்டும் இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் திரும்பிய பக்கமெல்லாம் இதே ஏற்பாடு. இஜிஎஃப் ஏற்பி வழியாகச் சேதி கேட்ட செல் ஆர்கோஸ் என்ற புரதத்தைச் செய்து வெளியே விடும். ஆர்கோஸ் போய் அந்தச் சேதிப் புரதத்தையே கட்டிப்பிடித்து முடக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சேதி கிடைக்கும், கொஞ்சம் தள்ளி இருப்பவர்களுக்கு அதற்கு முன் ஆர்கோஸ் வந்துவிடும். ஆர்கோஸ் இல்லாத ஈயின் கண்ணில் தேவைக்கு மேல் செல்கள் சேர்ந்து, வரிசை குலைந்து, கண் சொரசொரப்பாகிவிடும். டிபிபி சேதி கேட்ட செல் டாட் என்ற தடையை உள்ளே செய்துகொள்ளும். விங்லெஸ் சேதி கேட்ட செல், விங்லெஸின் ஒட்டும் பகுதியை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் நோட்டம் என்ற நொதியைச் செய்யும். பெயர்களை மறந்துவிடுங்கள், பரவாயில்லை. சேதி தன்னை நிறுத்தும் ஆளைத் தானே கூட்டி வருகிறது என்பது மட்டும் நினைவில் நிற்கட்டும். இதற்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர்.

விங்லெஸ் வழியில் இன்னொரு வகை அடக்கம் இருக்கிறது. முதன்முதலில் படித்தபோது இது எனக்கு வீண் செலவாகத் தெரிந்தது. செல்லுக்குள் ஆர்மடில்லோ என்ற புரதம் ஓயாமல் செய்யப்படுகிறது. அதே நேரத்தில் ஒரு கூட்டம் புரதங்கள் சேர்ந்து அதைப் பிடித்துக் குறி வைத்து ஓயாமல் அழிக்கின்றன. செய்வானேன், அழிப்பானேன்? வயலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு பக்கம் மடையில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, மறுபக்கம் வடிகாலில் போய்க்கொண்டே இருக்கிறது, வயலில் நீர் நிற்கவில்லை. இப்போது வயலை நிறைக்க வேண்டும் என்றால் அணைக்கு ஆள் அனுப்ப வேண்டாம். வடிகாலில் ஒரு கூடை மண் போட்டு அடைத்தால் போதும். விங்லெஸ் சேதி செய்வது அதைத்தான். அது ஆர்மடில்லோவைக் கூடுதலாகச் செய்யச் சொல்வதில்லை, அழிக்கும் கூட்டத்தைத் தடுக்கிறது. ஆர்மடில்லோ தேங்கி, கருவுக்குள் போய், மரபணுக்களை எழுப்புகிறது. சேதி நின்றால் அடைப்பு விலகும், வயல் வடியும். புதிதாகப் புரதம் செய்யும் வேலையை அப்போதுதான் தொடங்க வேண்டிய தேவை இல்லாததால் பதில் வேகமாக வருகிறது.

விங்லெஸ் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. சிறகில்லாத அந்த ஈயை முதலில் கண்டு விவரித்தவர் ஆர்.பி. சர்மா, டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தவர். ஆண்டு 1973. சுருக்கமான ஒரு குறிப்பு. பிறகு 1976இல் வி.எல். சோப்ராவோடு சேர்ந்து விரிவாக எழுதினார். 1982இல் ரோல் நுஸேவும் ஹரால்ட் வார்மஸும் எலிகளின் மார்பகப் புற்றில் இன்ட்-1 என்ற ஒரு மரபணுவைக் கண்டார்கள். 1987இல் இரண்டையும் ஒப்பிட்டபோது டெல்லியின் சிறகில்லாத ஈயும் எலியின் புற்றும் ஒரே மரபணுவைச் சுட்டின. விங்லெஸ், இன்ட் இரண்டு பெயர்களையும் சேர்த்து ‘விண்ட்’ என்று இன்று உலகம் முழுக்க ஒரு குடும்பப் பெயர் வழங்குகிறது. நம் மாணவர்கள் இதைப் படிக்கும்போது டெல்லி என்ற பெயரும் அவர்கள் காதில் விழ வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி நாட்ச். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மற்ற சேதிகள் காற்றில் விட்ட வாசனை மாதிரி பரவும். நாட்ச் அப்படி இல்லை. சேதி சொல்லும் டெல்டாவும் கேட்கும் நாட்சும் இரண்டுமே செல்லின் தோலில் பதிந்தவை. தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டோடு மட்டும்தான் பேச முடியும். அதைக்கொண்டு ஈ ஒரு கடினமான கணக்கைப் போடுகிறது. முதுகில் ஒரு சின்னக் கூட்டம் செல்கள். எல்லாமே மயிர் ஆகும் தகுதி உள்ளவை. ஆனால் ஒன்றுதான் ஆக வேண்டும். யார் அந்த ஒன்று?

வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். கூடத்தில் அக்கா தங்கைகள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். காபி போட ஒருவர் எழ வேண்டும். எல்லோருக்கும் எழும் எண்ணம் கொஞ்சம் இருக்கிறது. ஒருத்தி லேசாக அசைகிறாள். அதைப் பார்த்த மற்றவர்கள் ‘சரி, அவள் போகிறாள்’ என்று இன்னும் சாய்ந்து உட்காருகிறார்கள். அவர்கள் சாய்வதைப் பார்த்து அவள் முழுசாக எழுந்துவிடுகிறாள். தொடக்கத்தில் இருந்தது மயிரிழை வித்தியாசம்தான். நாட்ச் அதைப் பெரிதாக்குகிறது. டெல்டா கொஞ்சம் கூடுதலாக உள்ள செல், பக்கத்துச் செல்களின் நாட்சைத் தூண்டும். தூண்டப்பட்ட செல்கள் தங்கள் டெல்டாவைக் குறைக்கும். அதனால் முதல் செல்லின் மேல் அழுத்தம் குறைந்து அதன் டெல்டா மேலும் கூடும். கடைசியில் ஒன்று மயிருக்கான தாய்ச்செல் ஆகும், மற்றவை தோலாகும். பக்கவாட்டுத் தடுப்பு என்று இதைச் சொல்வார்கள். நாட்ச் வேலை செய்யாவிட்டால் நான்கு அக்கா தங்கைகளும் ஒரே நேரத்தில் அடுப்படிக்கு ஓடுவது மாதிரி, அந்த இடத்தில் மயிருக்கான செல்களே கும்பலாக வந்துவிடும்.

நாட்சில் இன்னொரு நுட்பம். டெல்டா பிடித்து இழுத்ததும் நாட்ச் புரதம் வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட உள்துண்டே நேராகக் கருவுக்குப் போய் மரபணுவை எழுப்புகிறது. நடுவில் கைமாற்றிக் கைமாற்றிப் பெருக்கும் ஆள் யாரும் இல்லை. அப்படியென்றால் ஒரு நாட்ச் ஒரு முறைதான், தீக்குச்சி மாதிரி. அதனால்தான் இந்த வழி அளவு விஷயத்தில் இவ்வளவு கறார். இரண்டு நகல் இருக்க வேண்டிய பெண் ஈயில் ஒரு நகல் போனாலே சிறகின் ஓரத்தில் கடித்த மாதிரி ஒரு வெட்டு விழும். நாட்ச் என்ற பெயரே அந்த வெட்டைப் பார்த்து வந்ததுதான், நூறு ஆண்டுக்கு முந்தைய கதை. பெரும்பாலான மரபணுக்களில் ஒரு நகல் போனால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். மூன்றாவது நகல் சேர்ந்தாலும் நாட்சில் சிறகின் நரம்பு கோணும். குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பல வழிகள் உண்டு, ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன். சிறகு, புழுப் பருவத்திலேயே உள்ளே ஒரு சின்னத் தட்டு மாதிரி மடிந்து கிடக்கும். தொடக்கத்தில் ஐம்பது செல்லுக்கும் குறைவு. நான்கு நாளில் பல பத்தாயிரமாகப் பெருகும். அந்தத் தட்டின் பின்பாதிச் செல்கள்தான் ஹெட்ஜ்ஹாக்கை விடும். முன்பாதிச் செல்கள்தான் கேட்கும். எல்லைக்கோட்டை ஒட்டிக் கேட்ட செல்கள் டிபிபியைச் சுரக்கும், அதைப் பார்த்து முழுச் சிறகும் அளவெடுத்துக்கொள்ளும். கொன்ராட் பாஸ்லரும் கேரி ஸ்ட்ரூலும் 1994இல் ஒரு தந்திரம் செய்தார்கள். முன்பாதியில், எல்லையிலிருந்து தள்ளி, ஒரு சின்னத் திட்டுச் செல்களை மட்டும் ஹெட்ஜ்ஹாக் செய்ய வைத்தார்கள். என்ன ஆயிற்று? அந்த இடத்தில் கண்ணாடியில் பார்த்த மாதிரி இன்னொரு சிறகுப் பகுதி முளைத்தது. நரம்பு வரிசை எல்லாம் சரியாக, ஆனால் இடவலமாக. கைப்பிடிச் செல்கள் தவறான இடத்தில் ஒரு சேதியைச் சொன்னதற்கு, சுற்றியிருந்தவை அதை நம்பி ஒரு சிறகையே கட்டிக் கொடுத்துவிட்டன. படத்தை முதலில் பார்த்த அன்று நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

ஈயில் படித்தது மனிதருக்கு எதற்கு என்று அண்ணன் கேட்டார். அவர் பந்தலில் மருந்தடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றுக்கு ஈயிடம் இணையான மரபணு உண்டு என்று சொன்னேன். மேலே சொன்ன மதகுகளும் வடிகால்களும் உடைந்தால் நம் உடம்பில் வருவதற்குப் பெயர் பல நேரங்களில் புற்று. பேட்ச்டு உடைந்தால் ஸ்மூதண்டை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லை, ஹெட்ஜ்ஹாக் வராமலே செல் பெருகும். மனிதத் தோலில் வரும் ஒருவகைப் புற்றுக்கு இதுவே காரணம் என்று 1996இல் தெரிந்தது. ஆர்மடில்லோவை அழிக்கும் கூட்டத்தில் ஒருவரான ஏபிசி என்ற புரதம் கெடுவதுதான் பெரும்பாலான பெருங்குடல் புற்றுகளின் தொடக்கம். வடிகால் நிரந்தரமாக அடைபட்ட வயல். இரத்தப் புற்றில் ஒருவகை இருக்கிறது, பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நாட்ச் அணையாமல் எரிகிறது.

அண்ணனுக்குப் பிடித்துப் போனது ஆட்டுக் கதைதான். 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மலைப் பகுதியில் சில ஆட்டுக்குட்டிகள் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு பிறந்தன. சினை ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச் செடிதான் காரணம் என்று தெரிந்தது. அதிலிருந்து பிரித்த பொருளுக்கு, ஒற்றைக் கண் அரக்கன் பெயரை ஒட்டி சைக்ளோபமின் என்று பெயர் வைத்தார்கள். அது உடம்பில் என்ன செய்கிறது என்று விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அது ஸ்மூதண்டை அடைக்கிறது. கரு வளரும்போது முகத்தை இரண்டாகப் பிரிக்கும் வேலையில் ஹெட்ஜ்ஹாக்குக்குப் பங்குண்டு. சேதி அடைபட்டதால் கண் பிரியவில்லை. அதே அடைப்பைப் புற்றின் மேல் திருப்பினால்? ஸ்மூதண்டை அடைக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்து 2012இல் அந்தத் தோல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈப் புழுவின் முள்ளில் தொடங்கி, ஆட்டுக்குட்டியின் கண் வழியாக, மருந்துக் கடை வரை ஒரே நூல். கர்ப்பிணிகள் அந்த மருந்தைத் தொடக்கூடாது என்று ஏன் கடுமையாகச் சொல்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

ஊருக்குக் கிளம்புமுன் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கண்ணாடிக் குப்பியில் கனிந்த வாழைப்பழத் துண்டு, ஒரு சிட்டிகை ஈஸ்ட், வாயில் பஞ்சு. திண்ணையில் அரை நாள் திறந்து வைத்து, ஈக்கள் உள்ளே போனதும் மூடிவிட வேண்டும். நான்கைந்து நாளில் பழத்தில் புழு நெளியும். பிறகு கண்ணாடிச் சுவரில் ஏறி, பழுப்பு நிறக் கூடாக ஒட்டிக்கொள்ளும். பத்தாம் நாளையொட்டிப் புதிய ஈக்கள் வரும். குப்பியைச் சில நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் அவை மயங்கிக் கிடக்கும், சூடு பட்டதும் எழுந்துவிடும். அந்த இடைவெளியில் வெள்ளைத் தாளில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முதுகில் கழுத்துப் பக்கத்திலிருந்து பின்னால் வந்தால், சிறகுகளுக்கு நடுவே ஒரு சின்ன முக்கோண மேடு இருக்கும். அதில் நிற்கும் பெரிய மயிர்களை மட்டும் எண்ணிச் சொல் என்றேன்.

பதினோராம் நாள் இரவு போன் வந்தது.

“அத்தை, நாலு இருக்கு.”

“அடுத்த ஈயைப் பாரு.”

தாள் நகரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“இதுலயும் நாலு. அதுலயும் நாலுதான். இருங்க அத்தை, இன்னும் பன்னெண்டு இருக்கு, எழுந்துக்கறதுக்குள்ள எண்ணிடுறேன்.”